காஸ்பருக்குப் பதில் ஒருவன்

வேலையை விட்டுப் போகிறேன் என்று நான் சொன்னதும் சந்திரமௌலி சிரித்தார். கோபித்துக்கொண்டிருந்தால் எனக்கும் பதிலுக்குக் கோபித்துக்கொள்ள வசதியாக இருந்திருக்கும். அவரோ வெற்றிலைப் பெட்டியை என் பக்கம் தள்ளிவிட்டு, "போகாதேன்னு நான் எப்பவாவது சொன்னேனா, ஓய்?" என்றார். "தாராளமாப் போம். உம்ம எடத்துல நிக்கறதுக்கு ஒருத்தனைக் கொண்டுவந்து நிறுத்திட்டுப் போம். அன்னிக்கே ரிலீவிங் லெட்டர்ல கையெழுத்துப் போட்டுத் தரேன்."

அது 1946 ஏப்ரல் மாதம். சந்திரமௌலி கிரிம்ஷா கம்பெனியின் ஹெட் கிளார்க். கம்பெனியின் கால்பந்து அணிக்குக் காரியதரிசியும் அவர்தான். மயிலாப்பூரில் மாட வீதியில் வீடு. பந்தை ஒரு நாளும் காலால் தொட்டதில்லை. ஆனால் பந்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் சாப்பாடு ஆறிப்போகும். நான், காஸ்பர், அதே கம்பெனியில் குமாஸ்தா, பெயருக்கு. எங்களைப் போன்றவர்களை மற்றவர்கள் 'பந்து குமாஸ்தா' என்பார்கள். சாயங்காலம் நான்கு மணிக்கு நாங்கள் பேனாவை மூடிவிட்டுப் போய்விடுவோம். அவர்கள் ஆறு மணி வரை எழுதுவார்கள். அந்த வயிற்றெரிச்சலில் வைத்த பெயர். பதினோரு வருஷமாக நான்தான் கிரிம்ஷா அணியின் சென்டர் ஹாஃப்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். கோல் கீப்பருக்கு முன்னால் இரண்டு பேர், அவர்களுக்கு முன்னால் மூன்று பேர், அதற்கும் முன்னால் ஐந்து பேர் என்று நாங்கள் நிற்போம். அந்த மூன்று பேரில் நடுவில் நிற்பவன் சென்டர் ஹாஃப். பின்னாலிருந்து வரும் பந்து அவனிடம்தான் வரும், முன்னால் போகிற பந்து அவனிடமிருந்துதான் போகும். யாருக்கு, எப்போது, எவ்வளவு தூரம் என்பதைப் பந்து காலில் படுவதற்கு முன்பே அவன் முடிவு செய்திருக்க வேண்டும். கோல் போடுகிறவர்கள் சென்னையில் தெருவுக்கு நாலு பேர் கிடைப்பார்கள். கோல் போடுகிறவனுக்கு வழி பண்ணிக் கொடுக்கிறவன் கிடைப்பது குதிரைக் கொம்பு. இது எனக்கு நானே பாடிக்கொள்ளும் பாட்டு என்று நினைக்காதீர்கள். எங்கள் லீகில் பத்துக் கம்பெனிகள் ஆடின. பத்திலும் சேர்த்து உருப்படியான சென்டர் ஹாஃப் இரண்டு பேர். இரண்டாமவனுக்கு வயது நாற்பது.

என் இடது முட்டி போய்விட்டது. அதுதான் விஷயம். ராயப்பேட்டை ஆஸ்பத்திரியில் டாக்டர் அதை மடக்கிப் பார்த்து, நீட்டிப் பார்த்து, "இன்னும் ஒரு சீசன் ஆடினால் மாடி ஏற உங்களைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டியிருக்கும்" என்றார். எனக்கு முப்பத்து நாலு வயது. சாந்தோமில் சாமியார்கள் நடத்தும் பள்ளிக்கூடத்தில் ட்ரில் மாஸ்டர் வேலை காலியாக இருந்தது. ஐம்பத்தைந்து வயது வரை அசைக்க முடியாத வேலை. என் மனைவி பியாட்ரிஸ் கோவிலில் ஒவ்வொரு பூசைக்குப் பிறகும் பள்ளிக்கூடத்தின் ரெக்டர் சாமியாரை மடக்கி மடக்கிப் பேசி, அந்த வேலையை எனக்கு என்று ஏறக்குறைய வாங்கிவிட்டாள். ரெக்டர் கேட்டது ஒன்றே ஒன்று: பழைய கம்பெனியிலிருந்து ரிலீவிங் லெட்டர். ஜூன் பத்து, திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறது. அதற்குள் லெட்டர் வரவில்லையென்றால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வோம் என்று பளிச்சென்று சொல்லிவிட்டார். முட்டியைத் தவிர இவ்வளவையும் சந்திரமௌலியிடம் சொல்லியிருந்தேன்.

முட்டி போய்விட்டது என்று சந்திரமௌலியிடம் சொல்லிவிட்டால் என்ன? நானும் அதைப் படுத்துக்கொண்டு யோசித்தேன், உட்கார்ந்துகொண்டு யோசித்தேன். ஆட முடியாதவனைக் கம்பெனி அந்த மாதமே வீட்டுக்கு அனுப்பிவிடும். லெட்டரும் கொடுக்கும். அதில் 'உடல் தகுதியின்மையால்' என்று எழுதியிருக்கும். அப்படி எழுதிய காகிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தால் எந்தப் பள்ளிக்கூடம் ட்ரில் மாஸ்டராக வைத்துக்கொள்ளும்? லெட்டர் இல்லாமல் முறுக்கிக்கொண்டு போனால்? எங்கள் கோல் கீப்பர் மெஹபூப் பாஷா அப்படிப் போனான். ஒரு கம்பெனியும் அவனைச் சேர்க்கவில்லை. ஆக, முட்டி நன்றாக இருக்கிறது என்று நான் நடிக்க வேண்டும். நன்றாக இருப்பதால் கம்பெனி என்னை விடாது. இந்த இரண்டு சுவருக்கும் நடுவில் என்னை நிறுத்தியது யார் என்று யோசித்தால் யாரையும் குறை சொல்ல முடியவில்லை. எனக்கு எரிச்சல் மூட்டியதே அதுதான்.

ஆகவே ஆள் தேடினேன். முதலில் எங்கள் சாந்தோம் பையன்கள். ஞானஸ்நானம் வாங்கியதிலிருந்தே எனக்குத் தெரிந்த முகங்கள். எல்லோரும் சூரப்புலிகள், எல்லோருக்கும் கோல் போட வேண்டும். கோல் போட்டால்தான் பேப்பரில் பெயர் வருமாம். நடுவில் நிற்கிறாயா என்று கேட்டால், என்ன அங்கிள் தண்டனையா என்று கேட்டான் ஒருவன்.

எனக்கு ஒரு சோதனை உண்டு. ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது திடீரென்று விசில் ஊதுவேன். எல்லோரும் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். நான் பார்க்க வந்த ஆள் மட்டும் கண்ணைப் பொத்திக்கொண்டு, யார் எங்கே நிற்கிறார்கள் என்று சொல்ல வேண்டும். கோபாலபுரத்தில் காலேஜ் பையன் ஒருவன், பூட்ஸ் போட்டு ஜோராக ஆடினான்; கண்ணைப் பொத்தச் சொன்னதும் தன் கோல் எந்தப் பக்கம் என்பதே அவனுக்கு மறந்துபோயிற்று. அடையாற்றுப் பாலம் தாண்டி ஊரூர் குப்பத்துக்குப் போனேன். அங்கே அம்மாசி என்று ஒரு மீனவன். தொடை ஒவ்வொன்றும் தேக்கு மரம். அவன் உதைத்தால் பந்து கடலுக்குப் போகும், நாலு பேர் நீந்திப் போய் எடுத்து வருவார்கள். விசில் ஊதிக் கண்ணைப் பொத்தச் சொல்லி, உன் ஆளெல்லாம் எங்கே என்றேன். "இங்கதான் எங்கனா இருப்பானுங்கோ, எங்க பூடுவானுங்கோ?" என்றான். சரி என்று இரண்டு வாளைமீன் வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

மே மாதம் முதல் வாரம். மயிலாப்பூர் லஸ் முனையில் டிராம் ஏறினேன். ஆபீஸ் நேரத்துக் கூட்டம். கண்டக்டர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓர் அம்மாளுக்குச் சில்லறை எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தான். எண்ணியபடியே, திரும்பாமல், குரல் கொடுத்தான்:

"பின்னாடி கம்பியப் புட்ச்சிகினு கீற பச்ச சட்ட, நீ இன்னும் டிக்கெட் வாங்கல. கூட வெச்சிகினு குந்திகினு கீற ஆயா, உன் ஸ்டாப் அடுத்தது, இப்பவே எய்ந்துக்கோ. ஜன்னலாண்ட மீசக்கார சார், காலக் கொஞ்சம் உள்ள இஸ்து வெய்யி, ஆயா தடுக்கி வியும்."

நான் திரும்பிப் பார்த்தேன். பச்சைச் சட்டை, கூடை, மீசை எல்லாம் அவன் சொன்ன இடத்தில் இருந்தன. கூட்டத்தை இடித்துக்கொண்டு அவனிடம் போய், "தம்பி, கண்ணை மூடு. இந்த வண்டியில் யார் எங்கே இருக்காங்க, சொல்லு" என்றேன்.

"இன்னா சார், டூட்டி டைம்ல வெளாட்டா?" என்றான். ஆனால் கண்ணை மூடினான். மூடிக்கொண்டு வண்டியின் முன்பக்கத்திலிருந்து ஆள் ஆளாகச் சொல்லிக்கொண்டே வந்தான். ஏறிய இடம், இறங்கும் இடம், கையில் என்ன, மடியில் என்ன. ராயப்பேட்டை தாண்டி, மவுண்ட் ரோடு தாண்டி, நான் இறங்க வேண்டிய இடமும் தாண்டிப் போய்விட்டது. பந்தாட்டம் ஆடுவாயா என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை கால்வாய்க் கரையில் ஆடுவானாம். பெயர் தணிகாசலம். வயது இருபத்து மூன்று.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே மயிலாப்பூர் கால்வாய்க் கரையில் போய் நின்றேன். கிழிந்த தோல் பந்துக்குள் துணியை அடைத்துத் தைத்திருந்தார்கள். ஒரு பக்கம் குடிசைகள், ஒரு பக்கம் தண்ணீர், நடுவில் மேடும் பள்ளமுமாகக் கொஞ்சம் இடம். தணிகாசலம் நடுவில் நின்றான். அதிகம் ஓடவில்லை. பந்து வருவதற்கு முன் இடது தோள் பக்கம் ஒரு பார்வை, வலது தோள் பக்கம் ஒரு பார்வை. பிறகு யாருமே இல்லாத இடத்துக்குப் பந்தைத் தட்டுவான். யாரோ ஒருவன் அங்கே ஓடி வந்து சேருவான். வந்தவனுக்கே ஆச்சரியமாக இருக்கும், நாம் எப்படிச் சரியான இடத்துக்கு வந்தோம் என்று. நான் விசில் ஊதினேன். கண்ணைப் பொத்திக்கொண்டு, ஆடிக்கொண்டிருந்த மற்ற ஒன்பது பேரையும் சொன்னான். அதோடு நிற்காமல், "நீ அந்தப் பூவரச மரத்தாண்ட நின்னுகினு கீறே, செருப்பக் கயட்டி கைல வெச்சிகினு கீறே, உனக்குப் பின்னால எரும ஒண்ணு வந்துகினு கீது, தள்ளி நில்லு" என்றான். தள்ளி நின்றேன். எருமை போயிற்று.

அந்த நிமிஷம் எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லத் தெரியவில்லை. பதினோரு வருஷத்தில் நான் இப்படி ஆடியது நாலைந்து நாள்தான் இருக்கும். இவன் துணிப்பந்தில் ஒவ்வொரு ஞாயிறும் ஆடிக்கொண்டிருக்கிறான். பொறாமையும் வந்தது. ஆனால் பொறாமையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம், முதலில் லெட்டர்.

அவன் பிடி கொடுக்கவில்லை. "எனக்கு இன்னா கொறச்சல்? காக்கி சட்ட கீது, தலைல தொப்பி கீது. எம் பொஞ்சாதி தேவானை கைல கேட்டுப் பாரு, கவர்னர் கணக்கா என்ன நெனச்சிகினு கீறா" என்று சிரித்தான். நான் விடவில்லை. மூன்று வாரம், போகும்போதும் வரும்போதும், அவன் டூட்டி பார்த்து அவன் வண்டியிலேயே ஏறினேன். கம்பெனியில் மேஜை, நாற்காலி, தலைக்கு மேல் மின்விசிறி. நாள் முழுக்க நிற்க வேண்டாம். பெயர் பேப்பரில் வரும். எல்லாம் சொன்னேன். எல்லாமே உண்மைதான். சார் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவன் இரண்டாவது வாரத்தில் அண்ணாத்தே என்று கூப்பிட ஆரம்பித்தான். எனக்கு அது கொஞ்சம் குத்தியது.

வீட்டில் பியாட்ரிஸ் உப்பைத் துணியில் கட்டிச் சூடாக்கி என் முட்டியில் ஒற்றடம் கொடுத்துக்கொண்டே கேட்டாள்: "அந்தத் தம்பிகிட்ட ஆம்ப்ரோஸ் கதையைச் சொன்னீங்களா?"

ஆம்ப்ரோஸ் எங்கள் அணியில் ரைட் பேக்காக ஆடியவன். மூன்று வருஷத்துக்கு முன் ஓர் ஆட்டத்தில் கால் முறிந்தது. கம்பெனி விழா எடுத்து, மாலை போட்டு, ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்து அனுப்பிவிட்டது. இப்போது ராயப்பேட்டையில் ஒரு சைக்கிள் கடையில் டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருக்கிறான்.

"சொல்லலை" என்றேன். "சொன்னா அவன் வருவானா?"

"வரமாட்டான்."

"அப்புறம் எதுக்குக் கேக்கறே? உனக்கு அந்தப் பள்ளிக்கூட வேலை வேணுமா வேண்டாமா?"

"எனக்குத்தான் ரொம்ப வேணும். அதனாலதான் கேட்டேன்" என்றாள். ஒற்றடம் ஆறிவிட்டது என்று எழுந்து போனாள்.

கடைசியில் மே முடிவில், ஒரு நாள் டிராமை விட்டு இறங்கும்போது, தணிகாசலம் தானாகவே, "சரி அண்ணாத்தே. ஒரு தபா வந்து ஆடிக் காட்றேன். அப்பால உங்காளுங்க இன்னா சொல்றாங்களோ அதான்" என்றான். நான் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினேன். ஏன் திடீரென்று ஒத்துக்கொண்டான் என்று யோசிக்கவில்லை. யோசித்திருக்க வேண்டும்.

ஜூன் முதல் தேதி, சனிக்கிழமை. கோபாலபுரத்தில் கம்பெனி வாடகைக்கு எடுத்திருந்த மைதானத்தில் பரீட்சை ஆட்டம். எங்கள் பதினோரு பேருக்கு எதிராக அங்கே இங்கே பொறுக்கிச் சேர்த்த ஓர் அணி. ஐந்து மணிக்கும் வெயில் தாழவில்லை. சந்திரமௌலி விசிறியும் குடையுமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எனக்கு இடது பக்கம் நிற்கும் லெஃப்ட் ஹாஃப் பவுல்சாமி தங்கையின் கல்யாணத்துக்குப் போயிருந்ததால் அந்த இடத்தில் யாரோ ஒரு பையன். நடுவில் என் இடத்தில், என் சட்டையைப் போட்டுக்கொண்டு, வெறுங்காலோடு தணிகாசலம். நான் கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன். "பாருங்க சார், பாருங்க" என்று சந்திரமௌலியிடம் சொன்னேன். என் பெண்ணைப் பெண் பார்க்க வந்திருப்பது போல ஒரு படபடப்பு.

முதல் பந்து வந்தது. தணிகாசலம் வலது பக்கம் தட்டினான். ஓடிக்கொண்டிருந்தவனுக்கு இரண்டடி பின்னால் போய் விழுந்தது. பரவாயில்லை, புது இடம், நிஜமான பந்து. அடுத்தது இடது பக்கம். இரண்டடி பின்னால். அதற்கடுத்தது நேராக முன்னால், நீளமாக. இரண்டடி பின்னால். எங்கள் ஆட்கள் நின்று திரும்பி வந்து எடுப்பதற்குள் எதிரணி எடுத்துக்கொண்டு போயிற்று. பத்து நிமிஷம் பார்த்தேன். தெரியாமல் ஆடுகிறவனுடைய பந்து ஒன்று முன்னால் போகும், ஒன்று பின்னால் போகும், ஒன்று தப்பித் தவறிச் சரியாகப் போகும். இவனுடைய பந்து ஒன்றுகூட ஓர் அடி பின்னால் போகவில்லை. மூன்று அடியும் போகவில்லை. அத்தனையும் அளந்து வைத்ததைப் போல் இரண்டே அடி. இவ்வளவு துல்லியமாகத் தப்பாக ஆட என்னால்கூட முடியாது.

இடைவேளை விசில் ஊதியதும் தண்ணீர்க் குடத்தருகே அவனை மடக்கினேன். "வேணும்னே பண்றே."

"ஆமாம்" என்றான். வெட்கப்படக்கூட இல்லை. "மூணு வாரமா வண்டி ஏறி ஏறி கேட்டுகினு இருந்தே. மாட்டேன்னு சொன்னா நீ வுட மாட்டே. உங்காளே வோணாம்னு சொல்ட்டா முடிஞ்சிது பாரு."

"ஏன்டா? உனக்கு என்ன கேடு? நான் என்ன கெடுதலா சொன்னேன்?"

"நீ ஒண்ணியும் கெடுதலா சொல்லல அண்ணாத்தே. சொல்லாத வுட்டதுதான். ஏறும்போது வலது கால மொதல்ல வெக்கிறே, எறங்கும்போது இடது கால மொதல்ல வெக்கிறே. மொத நாளே பாத்தேன். அதே மாரி ஏறி எறங்குற இன்னொருத்தர் தெனம் ராயப்பேட்டைல ஏறுவாரு, ஆம்ப்ரோஸ்னு. நீ கிரிம்ஷா கம்பெனின்னு சொன்னதும் அவருகிட்ட கேட்டேன். சொன்னாரு." குரலைத் தாழ்த்தினான். "எனக்குத் தேவானை கீறா. மாசமா கீறா. என்ன வுட்று."

அடிக்க வேண்டும் போல் இருந்தது. நேராகச் சந்திரமௌலியிடம் போனேன். அவன் வேண்டுமென்றே தப்பாக ஆடுகிறான், ஒவ்வொரு பந்தும் இரண்டே அடி பின்னால் விழுவதைப் பாருங்கள் என்றேன்.

அவர் குடையை மடக்கிவிட்டுச் சிரி சிரியென்று சிரித்தார். "ஆடத் தெரியாதவன் தப்பா ஆடினான்னா அதுக்கு இப்படி ஒரு வியாக்யானமா? நீர் கொண்டுவந்த ஆள்ங்கறதுக்காக ரொம்பத்தான் தாங்கறீர், ஓய்! போம், போய்ச் சட்டையை மாத்தும். பின்பாதி நீர் நடுவுல ஆடும். நேக்குக் கண் வலிக்கறது. அவனை லெஃப்ட் ஹாஃப்ல போடும், அங்க நின்னா பெரிசா ஒண்ணும் கெடுக்க முடியாது."

மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? ஏன் என்று கேட்பார். சட்டையை மாற்றிக்கொண்டேன்.

என் முட்டி இடது பக்கம் திரும்பாது. திரும்பினால் மளுக் என்று ஒரு சத்தம் எனக்குள் கேட்கும், கண்ணில் பூச்சி பறக்கும். இந்த நாலு மாதமாக எப்படியோ ஒப்பேற்றிக்கொண்டிருந்தேன். அன்று வெயிலில் இறுகிக் கிடந்த தரையில் ஐந்தாவது நிமிஷமே தெரிந்துவிட்டது, இன்று முடிந்தது கதை என்று. எதிரணிக்காரன் ஒருவன் என் இடது பக்கமாகப் பந்தைத் தள்ளிக்கொண்டு வந்தான். திரும்ப முயன்றேன். முட்டி வரவில்லை. விழப் போகிறேன், விழுந்து எழுந்திருக்கும்போது நொண்டுவேன், சந்திரமௌலி பார்ப்பார், திங்கட்கிழமை 'உடல் தகுதியின்மை' என்று டைப் அடிப்பார்கள். இவ்வளவும் அந்த ஒரு நொடியில் மனதில் ஓடியது.

பந்து அங்கே இல்லை. தணிகாசலம் வந்து எடுத்துவிட்டிருந்தான். எடுத்து, மெதுவாக, என் வலது காலுக்குத் தட்டினான். நான் அப்படியே நின்ற இடத்திலிருந்து முன்னால் அனுப்பினேன். எங்கள் ஆள் ஓடி, அடித்தான். கோல்.

அதற்குப் பிறகு நாற்பது நிமிஷம் நான் ஆடவில்லை, நின்றேன். இடது பக்கம் வந்தது எதையும் அவன் என்னிடம் விடவில்லை. பந்து வருவதற்கு முன்பே அங்கே போய் நிற்பான். அவன் நிற்பதைப் பார்த்து எதிராளி வேறு பக்கம் போவான். வேறு பக்கம் என்றால் என் வலது பக்கம். அவன் கையில் எடுத்துக் கொடுப்பதைப் போல் ஒவ்வொரு பந்தையும் என் நல்ல காலுக்குக் கொண்டுவந்து வைத்தான். அடியெடுத்து வைக்காமல் நான் அனுப்பினேன். ஐந்து கோல். ஒரு தடவைகூட நொண்டவில்லை. என் வாழ்நாளில் அவ்வளவு அழகாக ஆடியதாக யாரும் என்னைப் பற்றிச் சொன்னதில்லை. அன்று எல்லோரும் சொன்னார்கள். கோட்டுக்கு வெளியே இருப்பவர்கள் பந்தைப் பார்க்கிறார்கள். பந்து வராமல் தடுத்துக்கொண்டு சும்மா நிற்பவனை யார் பார்ப்பது? சந்திரமௌலி இருபது வருஷமாக ஆட்டம் பார்க்கிறார், அவரும் பந்தைத்தான் பார்த்தார்.

ஆட்டம் முடிந்ததும் நாற்காலியை விட்டு எழுந்து ஓடி வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவர் கண்ணில் தண்ணீர். நடிப்பில்லை. அந்த மனுஷருக்கு என்மேல் உண்மையிலேயே பிரியம். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"என்ன ஓய் இது! முன்னைவிட ஜோரா ஆடறீர்! இன்னும் மூணு வருஷத்துக்கு உம்மை அசைச்சுக்க முடியாது. துரைகிட்ட சொல்லி மூணு வருஷத்துக்குப் புதுசா ஒப்பந்தம் போட்டுடறேன். நீர் கொண்டுவந்தீரே அந்தக் கண்டக்டர், அவனை டிராமுக்கே அனுப்பிச்சுடும், பாவம்."

"சார், அந்தப் பள்ளிக்கூடம்..." என்றேன்.

"அதைத்தான் சொல்ல வந்தேன். ரெக்டர் பாவம் உமக்காகக் காத்துண்டிருப்பார், பத்தாந்தேதி பள்ளிக்கூடம் திறக்கறதேன்னு தவிச்சிண்டிருப்பார். ஆத்துக்குப் போற வழிதானே? நானே சாந்தோம் பக்கம் வண்டியை விடச் சொல்லி, காஸ்பரை நாங்க விடறதா இல்லை, வேற ஆளைப் போட்டுக்கோங்கோன்னு நேர்ல சொல்லிட்டுப் போறேன். உமக்கு எதுக்கு அந்தச் சங்கடம்?"

வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். என்ன காரணம் சொல்வது? நாற்பது நிமிஷமாகச் சென்னையின் தலைசிறந்த சென்டர் ஹாஃபாக நின்றுவிட்டு என்ன சொல்வது? அவர் என் தோளைத் தட்டிவிட்டு வாசல் பக்கம் போனார்.

தணிகாசலம் சட்டையைக் கழற்றிப் பிழிந்துகொண்டே வந்தான். முகமெல்லாம் சிரிப்பு. புல்தரையில், நிஜப் பந்தில், அவன் ஆடிய முதல் ஆட்டம்.

"இன்னா அண்ணாத்தே, ஷோக்கா வந்துச்சில்ல? உன் முட்டி ஒரு பயலுக்கும் தெரில. எங்கனா மாட்டிக்கப் போறியேன்னு எனக்கு மனசு கேக்கல. நான் உன்ன டபாய்ச்சதுக்கும் இதுக்கும் சரியாப் பூட்ச்சி."

அவன் எனக்கு நல்லது செய்திருக்கிறான். மனதார. அவன் முதல் பாதியில் என்னை ஏமாற்றியபோது வந்த கோபத்தைவிட இப்போது வந்த கோபம் பெரிது. ஆனால் அதை அவன்மேல் போட எனக்கு எந்த நியாயமும் இல்லை.

"மூணு வருஷத்துக்கு ஒப்பந்தம் போடப் போறாங்க" என்றேன்.

"நல்லதுதான?" என்றான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். சட்டையைப் பிழிவதை நிறுத்தினான். "அடுத்த ஆட்டம் எப்போ?"

"வர்ற சனிக்கிழமை. லீக் ஆரம்பம்."

"லெஃப்ட்ல யாரு நிப்பாங்க?"

"பவுல்சாமி. கல்யாணம் முடிஞ்சு வந்துடுவான்."

"அவருக்கு உன் முட்டி தெரியுமா?"

"தெரியாது."

"சொல்லேன் அவர் கைல."

"யார்கிட்டயும் சொல்ல முடியாது."

அவனுக்குப் புரிந்துவிட்டது. முழு மைதானத்தையும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவன், இதையும் பார்த்துவிட்டான். "ஐயோ, அண்ணாத்தே" என்று என் கையைப் பிடித்துக்கொள்ள வந்தான்.

"பிடிக்காதே" என்றேன்.

சந்திரமௌலி வாசலில் வண்டியில் ஏறி உட்கார்ந்து, எனக்காகத் திரும்பிப் பார்த்துக் கையசைத்துக்கொண்டிருந்தார். மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து வாசல் வரை நூறு கஜம் இருக்கும். நான் நடந்தேன். ஓர் அடிகூட நொண்டாமல், நிமிர்ந்து, நேராக நடந்தேன்.